எடைக்கு வராத பூ

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தில் பூவின் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நெற்றியில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு முல்லையும் மல்லிகையும் பறித்தவர்கள், பையும் சாக்குமாகக் கமிஷன் கடைக்கு வந்து சேர்கிறார்கள். கொத்தமங்கலம், சேந்தன்குடி, குளமங்கலம், பனங்குளம், வடகாடு என்று சுற்றுவட்டாரத்து மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. தராசில் கொட்டுகிறார்கள், எடை போடுகிறார்கள், சீட்டு எழுதுகிறார்கள். விலை சொல்பவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லோர் கண்ணும் சீட்டின் மேல்தான். முகூர்த்த நாளென்றால் சீட்டு பத்திரமாக மடிந்து சட்டைப்பைக்குள் போகிறது. மற்ற நாட்களில் கைக்குள்ளேயே கசங்குகிறது.

அந்தச் சந்தடியை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு தெரு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் நேரெதிரே ஓர் ஓட்டு வீடு. முன்தாழ்வாரம் மட்டும் தகரம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் ஓட்டை அள்ளிக்கொண்டு போன பிறகு போட்ட தகரமாக இருக்கலாம். இந்தப் பக்கம் பல வீடுகளில் தகரத்தின் வயது அதுதான். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இரண்டு முழ அகலத்தில் செம்மண். அதன் ஓரமாக நெடுக்கில் அறுத்த பிளாஸ்டிக் குடம், பெயிண்ட் வாளி, மீன் வந்த தெர்மாகோல் பெட்டி, கைப்பிடி போன அலுமினியச் சட்டி. எல்லாவற்றிலும் ஒரே செடி. அவற்றிலிருந்து வழிந்து இறங்கி, மண்ணிலும் அதே செடி படர்ந்திருக்கிறது.

டேபிள் ரோஸ். சில வீடுகளில் பத்துமணிப்பூ என்பார்கள். நர்சரிக்காரர் போர்ச்சுலாகா என்பார். ஒரு சாணுக்கு மேல் எழும்பாது. தண்டு சதைப்பற்றாக இருக்கும். இலை ஊசியாக உருண்டிருக்கும், நசுக்கினால் தண்ணீர் வரும். பசலைக்குத் தூரத்துச் சொந்தம், பருப்புக்கீரைக்கு மிக நெருங்கிய சொந்தம்.

ஆறரை மணிக்கு இந்தச் செடியைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. நேற்றுப் பூத்ததெல்லாம் கூழாகி, தண்டின் நுனியில் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. இன்றைய மொட்டு பச்சை மூடிக்குள் இருக்கிறது. டீக்கடைக்கு வந்த யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா வாளியோடு வருகிறார். அறுபதைத் தாண்டிய வயது. உள்ளேயிருந்து பேத்தி "அப்பாயி" என்று கூப்பிடுவதால் நமக்கும் அவர் அப்பாயிதான். வாசலுக்குச் சாணித் தண்ணீர் தெளிக்கிற கை, செடியின் பக்கம் வரும்போது மட்டும் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. கோலம் முடிந்ததும் பெயிண்ட் வாளிக்குள் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை விடுகிறார். விரலில் மண் ஒட்டியிருக்கிறது. துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். பங்குனி வெயிலிலும் இன்றைக்குத் தண்ணீர் கிடையாது. சொட்டுநீர்க் குழாயும் மோட்டார் சத்தமுமாக இருக்கிற ஊரில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதே ஒரு வைத்தியம்.

வீட்டின் கிழக்கே இருக்கிற மாடிவீட்டு நிழல் முதலில் அந்தச் செம்மண் முழுவதையும் மூடியிருக்கிறது. வெயில் ஏற ஏற நிழல் பின்வாங்குகிறது. எட்டரைக்கு அறுத்த குடம் வெயிலுக்கு வருகிறது. மொட்டின் மூடி பிளந்து நிறம் ஒரு கீற்றாகத் தெரிகிறது. ஒன்பதுக்கு அந்தக் குடம் முழுக்கப் பூ. பக்கத்தில் நிழலில் இருக்கும் வாளி இன்னும் பச்சைதான். பிறகு வாளி, பிறகு தெர்மாகோல் பெட்டி. நிழல் போகிற வரிசையிலேயே பூக்கள் திறந்துகொண்டு போகின்றன. பத்து மணிக்கு முழு வரிசையும் விரிந்துவிட்டது. பூவைத் திறப்பது கடிகாரமல்ல, ஒளியும் சூடும்தான். வானம் மூடிக்கிடந்தால் பத்து மணி ஆனாலும் பன்னிரண்டு ஆனாலும் இந்தப் பூ வாய் திறக்காது.

நிறங்களைச் சொல்லாமல் போக முடியாது. நல்ல சிவப்பு, ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், வெள்ளை, ஜவுளிக்கடைக்காரர்கள் ராணி கலர் என்பார்களே அது. ஐந்திதழில் ஒற்றையாகச் சில. ரோஜாவாக அடுக்கடுக்கிச் சில. ராணி கலர் பூவை விரலில் தேய்த்தால் பீட்ரூட் நறுக்கிய கறை வரும். காரணம் இருக்கிறது. இந்தப் பூவுக்கும் பீட்ரூட்டுக்கும் அந்திமந்தாரைக்கும் காகிதப்பூவுக்கும் கோழிக்கொண்டைக்கும் நிறம் தருவது பீட்டாலெய்ன் என்கிற ஒரே சாயக் குடும்பம். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் சிவப்பைத் தருவது வேறு சாயம். தேய்த்துப் பார்க்கிற வேலையை அப்பாயியின் பேத்தி தினமும் செய்கிறாள். நகச்சாயம் வாங்குகிற செலவு மிச்சம்.

கொசுத்தேனீ ஒன்று வருகிறது. ஒற்றைப் பூவின் நடுவில் இறங்கி மகரந்தத் தாள்களை இடித்துக்கொண்டு நடக்கிறது. பொறுமையாகக் குனிந்து பார்த்தால், அது தொட்ட பக்கத்தை நோக்கித் தாள்கள் மெல்லச் சாய்வது தெரியும். தொட்டால் சிணுங்கி இலை மூடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே பூவுக்குள்ளேயே ஓர் அசைவு இருக்கிறது, ஈர்க்குச்சியால் தொட்டாலும் நடக்கும். அடுக்குப் பூவிடம் தேனீ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறது. அதில் பல தாள்கள் இதழாக மாறிவிட்டதால் மகரந்தம் குறைவு. அடுக்குப் பூவை விதையை நம்பிப் பெருக்க முடியாமல், கிள்ளி நட்டே காப்பாற்ற வேண்டியிருப்பதும் இதனால்தான்.

ஒற்றைப் பூவில் விதை உண்டு. பூ உதிர்ந்த இடத்தில் ஒரு காய் பழுத்து, குங்குமச் சிமிழின் மூடி கழல்வதுபோல் மேல்பாதி தனியாகக் கழன்று விழும். உள்ளே தூளுக்குக் கொஞ்சம் பெரிதாக, இரும்பு நிறத்தில் விதைகள். ஊதினால் பறந்துவிடும். தெர்மாகோல் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே யாரும் நடாமல் முளைத்திருக்கிற சின்னக் கூட்டம் அப்படிச் சிந்தியதுதான். விதையில் வந்ததற்குத் தாய்ச்செடியின் நிறமே இருக்கும் என்று சொல்ல முடியாது. நிறம் வேண்டுமென்றால் தண்டுதான்.

தண்டு வேலையை அப்பாயி மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்கிறார். மூன்று மணிக்குள் பூக்கள் சுருங்கிவிட்டன. தாழ்வாரத்து நிழலில் மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, பெட்டியிலிருந்து வெளியே வழிந்து நீண்டுவிட்ட தண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறார். நுனியில் மொட்டுத் திரண்டிருந்தால் விட்டுவிடுகிறார். மொட்டில்லாத தண்டாகத் தேடி, விரல் நீளத்துக்கு, கணுவுக்குக் கீழே நகத்தால் கிள்ளுகிறார். கத்தி, கத்தரி எதுவும் இல்லை. கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு முறத்தில் போடுகிறார். நிறத்துக்கு ஒரு குவியல். பூவில்லாத தண்டில் நிறத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று கவனித்தால், தண்டையே பார்க்கிறார்: வெள்ளைப் பூவின் தண்டு வெளிறிய பச்சை, சிவப்புக்கும் ராணி கலருக்கும் தண்டிலேயே சிவப்பு ஓடியிருக்கிறது. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் அவருக்கும் குழப்பம்தான். அந்த இரண்டையும் ஒரே குவியலில் போட்டுவிட்டார்.

முறம் அப்படியே நிழலில் காய்கிறது. பார்க்கிறவருக்கு இதுதான் புரியாத இடம். கிள்ளிய கொம்பை உடனே நட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாமா? செம்பருத்திக்கும் மல்லிகைக்கும் சரி. சதைப்பற்றுள்ள தண்டின் வெட்டுவாய் ஈரமாக மண்ணுக்குள் போனால் பூசணம் பிடித்து அழுகும். அரை நாள் காய்ந்தால் வாயில் மெல்லிய தோல் கட்டும். தண்டுக்குள்ளேயே தண்ணீர் சேமிப்பு இருப்பதால் அந்த அரை நாளில் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

இதற்கிடையில் மண் தயாராகிறது. செம்மண் ஒரு பங்கு. தெருமுனையில் கட்டட வேலை முடிந்து மிச்சம் கிடந்த எம்-சாண்ட் ஒரு பங்கு, இது ஆற்றுமணல் கிடைக்காத காலம். உதிர்த்த பழைய சாணம் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியிலும் பாதியைத் திரும்பக் கூடையிலேயே போட்டுவிடுகிறார். எரு அதிகமானால் இலை கொழுக்கும், பூ குறையும். காலி வாளி ஒன்றின் அடியில் ஏற்கெனவே ஆணியைக் காய்ச்சிப் போட்ட ஓட்டைகள். அவற்றின் மேல் ஓட்டுத் துண்டு இரண்டை வைத்து மண்ணை நிரப்புகிறார். நர்சரியிலிருந்து வாங்கி வருகிற பாக்கெட்டில் பெரும்பாலும் தென்னைநார்த் தூள்தான் அடைத்திருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்ற ஊற்ற அடித்தண்டு கறுக்கும். விற்பவருக்கு வசதியான மண், வாங்குபவருக்கு வசதியான மண் அல்ல. தென்னைச் சீமையில் உட்கார்ந்துகொண்டு தென்னைநாரைக் குறை சொல்வது சற்று அதிகப்படிதான்; ஆனாலும் இந்தச் செடிக்கு அது ஆகாது.

சாயங்காலம் விளக்குமாற்று ஈர்க்கால் வாளி மண்ணில் குழி போடுகிறார். நாலு விரலுக்கு ஒரு குழி. தண்டின் இரண்டு கணு உள்ளே போகும் அளவுக்கு இறக்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஓர் அழுத்து. கணுவில்தான் வேர் வரும். எல்லாம் நட்டபின் கையில் தண்ணீரை அள்ளித் தெளிக்கிறார், ஊற்றவில்லை. வாளி தாழ்வாரத்து நிழலிலேயே இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் நுனி நிமிர்ந்து புது இலை காட்டினால் வேர் பிடித்தது என்று பொருள். அப்புறம் முழு வெயிலுக்குப் போகும். வெயில் இல்லாத வராந்தாவில் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்குத் தண்டு மட்டும் நீளும், பூ வராது. தினம் ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் படவேண்டும்.

மண்ணில் படர்ந்ததற்கு இவ்வளவு சடங்கு கிடையாது. தரையில் கிடக்கிற தண்டின் மேல் இரண்டு விரல் மண்ணைத் தள்ளிவிட்டுப் போகிறார். அது தானே கணுவில் வேர்விட்டு அடுத்த அடியைப் பிடித்துக்கொள்ளும். நடுவே முளைத்திருந்த பருப்புக்கீரையைப் பிடுங்கி முந்தானையில் போட்டுக்கொள்கிறார். அது குழம்புக்கு. இரண்டும் ஒரே பேரினம். ஒன்றுக்கு வாசலில் இடம், இன்னொன்றுக்கு அடுப்படியில்.

இந்தச் சொந்தக்காரர்களிடம் தாவரவியலாருக்கு ஒரு வியப்பு உண்டு. தண்ணீர் இருக்கிற நாளில் கரும்பும் மக்காச்சோளமும் கையாளுகிற முறையில் வேகமாக உணவு தயாரிக்கும். வறட்சி அதிகமானால், கள்ளிகள் செய்வதையும் சேர்த்துக்கொண்டு இரவில் கரியமில வாயுவைச் சேமிக்கும். பெரும்பாலான செடிகளிடம் இந்த இரண்டில் ஒன்றுகூடக் கிடையாது. 2022-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பருப்புக்கீரையின் இலையில் இந்த இரண்டு முறைகளும் ஒரே உயிரணுக்களுக்குள் பிணைந்து நடப்பதைக் காட்டினார்கள். அப்பாயி முந்தானையில் கட்டியிருப்பது அந்தக் கீரைதான். டேபிள் ரோஸும் வறட்சியில் இதே இரட்டை வித்தையைச் செய்கிற செடி. ஊர் தென் அமெரிக்கா. அர்ஜென்டினா, தெற்கு பிரேசில், உருகுவே பக்கத்து வெட்டவெளி. 1829-ல் ஹூக்கர் என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர் அதற்கு அறிவியல் பெயர் எழுதினார். செம்மண்ணும் வெயிலும் அதற்குப் புதிதல்ல.

மறுநாள் பதினோரு மணி வாக்கில், காலையில் பூப்பறிக்கப் போன ஒரு பெண் காலிக் கூடையோடு அந்த வழியாகத் திரும்புகிறார். தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை. வெயிலில் விரிந்து கிடக்கிற வரிசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பெரியம்மா, இந்தச் செவப்பு அடுக்கு எங்ககிட்ட இல்ல. ரெண்டு கிள்ளிக்கிறேன்."

"கிள்ளிக்கத்தா. மொட்டு இல்லாததாப் பாத்துக் கிள்ளு."

கை நீண்டு பாதியில் நிற்கிறது. "கேட்டுட்டு எடுத்தா வளராதும்பாக. களவாண்டு வச்சாத்தான் பிடிக்குமாம்."

"அப்ப நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீ களவாண்டுக்க."

அப்பாயி நிஜமாகவே சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். டீக்கடை பெஞ்சில் ஒருவர் சிரித்துப் புரையேறுகிறார். அந்தப் பெண் இரண்டல்ல, ஐந்தாறு தண்டு கிள்ளிப் பழைய பேப்பரில் சுருட்டிக் கூடைக்குள் வைக்கிறார். கூடையின் அடியில் ஒட்டிக் கிடந்த முல்லை அரும்பை வழித்து, ஒரு கை அளவு, திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறார். சீட்டு இல்லாமல் நடந்த கொடுக்கல் வாங்கல் அன்றைக்கு நான் பார்த்தவரை அது ஒன்றுதான்.

இந்தப் பூ கமிஷன் கடைக்குப் போகாது. பறித்த கொஞ்ச நேரத்தில் சுருங்கிவிடும், நாரில் நிற்காது, வாசமும் கிடையாது. கூந்தலுக்கு மணம் பூவால்தான் வருகிறது, தானாக வராது என்று சிவனோடேயே வழக்காடியவராகத் திருவிளையாடல் கதை சொல்கிற நக்கீரருக்கு இந்த ஊர் மெய்நின்றநாதர் கோயிலில் சிலை இருக்கிறது. 81 அடி உயரச் சிவன் சிலைக்கு எதிரே அவர் நிற்கிறார். அவர் கட்சிப்படி பார்த்தால் டேபிள் ரோஸ் எந்தத் தலைக்கும் உதவாத பூ. ஆனால் வாசம் ஒன்றே கணக்கென்று இந்தச் சீமை இருந்ததில்லை. பக்கத்துக் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் பிரமாண்டமான குதிரைச் சிலைக்கு மாசிமகத்தன்று சாத்துவது காகிதத்தில் செய்த பூமாலைகள்தான். லாரி லாரியாக நிஜப் பூ விளைகிற வட்டாரத்தில்.

விலை இல்லாததில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. 2020 ஊரடங்கில் கோயிலும் கல்யாணமும் நின்றபோது செடியிலேயே விட்ட பூவும், பறித்துக் குப்பையில் கொட்டிய பூவும் இந்த வட்டாரத்துக்கு மறக்காது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் இப்போதும் அது நடக்கிறது. டேபிள் ரோஸுக்கு அந்தச் சரிவு கிடையாது. கேரளத்தில் பெண்கள் பலர் நிறத்துக்கு இத்தனை தண்டு என்று பார்சல் கட்டி அனுப்பி விற்கிறார்கள். வீட்டிலிருந்தே வருமானம், நல்லதுதான். இங்கே அந்த வியாபாரம் வந்தால் அப்பாயி சுவர்ப்பக்கம் திரும்புவாரா என்பது வேறு கேள்வி. வராமலிருந்தால் நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கூடைக்காரப் பெண் போன பிறகு, டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே எதிர்ப்பக்கம் குரல் கொடுக்கிறார். "இப்படி அள்ளி அள்ளிக் குடுத்தா உனக்கு மிஞ்சுமா?"

"போன கார்த்திகை மழையில ஒண்ணு விடாம அழுகிப்போச்சு. இப்ப நிக்கிறது பூராவும் குடுத்த வீட்டுல போயி வாங்கியாந்தது."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தச் செடி நிற்காது என்பது வளர்த்த எல்லோருக்கும் தெரியும். நாலு நாள் வெயில் வராமல் மண் ஊறிக் கிடந்தால் அடித்தண்டு கறுத்துக் குழைந்துவிடும். கஜா சாய்த்த தென்னைக்குப் பதிலாக வைத்த நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு தண்டு கிடைத்தால் போதும், சில மாதங்களில் வாசல் நிறைந்துவிடும். அந்த ஒரு தண்டு எங்கேயாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வாசலிலும் மாடியிலும் இந்தச் செடி இருந்தால் புரட்டாசி முடிவதற்குள் நிறத்துக்கு நாலு தண்டு கிள்ளி, மழை விழாத, வெயில் விழுகிற இறவாரத்தில் ஒரு தொட்டியில் வைத்துவிடுங்கள். இன்னும் நாலை அடுத்த வீட்டில் கொடுத்துவிடுங்கள்.